பேன் நடை

கேஸ் லைட்டரை 'டக்'கென்று அழுத்துகிறீர்களே, உள்ளே ஒரு பீங்கான் துண்டு அடி வாங்கிக்கொண்டு மின்சாரம் கக்குகிறது. 1880-ல் பியர் க்யூரியும் அண்ணன் ழாக்கும் படிகங்களில் கண்ட சமாச்சாரம். மறுவருஷமே அதன் மறுபக்கமும் தெரிந்துவிட்டது: மின்சாரம் கொடுத்தால் துண்டு நீளும்.

எவ்வளவு? ஒரு தகட்டுக்கு 1 வோல்ட் கொடுத்தால் அரை நானோமீட்டர் மாதிரி. தலைமுடியின் பருமனை லட்சம் கூறுக்கு மேல் போட்டு, அதில் ஒன்று!

1981-ல் ஜூரிச் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பின்னிக், ரோரர் என்ற இருவர் அணுவைப் பார்க்கும் மைக்ராஸ்கோப் செய்தார்கள். ஊசிமுனைக்கருகே பொருளைக் கொண்டுவர ஒரு வாகனம் வேண்டும். இந்தத் தகட்டுக்கு மூன்று கால் வைத்தார்கள். ஒரு காலைத் தரையோடு ஒட்டி, தகட்டை நீட்டி, அடுத்த காலை ஒட்டி, முதல் காலை விட்டு, சுருக்கினால்... ஒரு அடி! இதற்கு 'பேன்' என்று பேர் வைத்தார்கள். (வேலைக்குப் போய் பேன் பார்த்தேன் என்றால் எந்த வீட்டில் நம்புவார்கள்?) 1986-ல் நோபல் கிடைத்தது.

பி.காம். படித்த எனக்குப் பிடித்தது இதிலுள்ள கணக்குத் தகராறுதான். வோல்டேஜை ஏற்றும்போது 50-ல் ஒரு இடம், இறக்கும்போது அதே 50-ல் வேறு இடம். 10 மைக்ரான் ஓட்டத்தில் 1 மைக்ரான்கூட உதைக்கும். வரவும் செலவும் டாலியாகாத பாஸ்புக்! பீங்கானுக்குள் மின்சாரத்துக்குத் தலைசாய்த்த குட்டிப் பகுதிகள் சில, திரும்பச் சொன்னால் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, நின்ற பிறகும் நிமிஷக்கணக்கில் நைஸாக ஊரும். ரிடையராகியும் ஆபீஸை எட்டிப் பார்ப்பவர் மாதிரி. இடமிருந்து வலம் பார்த்த அணு, வலமிருந்து இடம் வரும்போது வேறெங்கோ இருந்தால் என்ன ஸார் செய்வது?

கோணலை முன்கூட்டியே கணக்குப் போட்டு, எதிர்க்கோணலாக வோல்டேஜ் கொடுக்கலாம். வோல்டேஜுக்குப் பதில் மின்னூட்டத்தை அளந்து ஊற்றலாம். தகராறு வெகுவாகக் குறையும், ஆனால் வெகுநேரம் நிற்காது, கசியும். என் ஓட்டு மூன்றாவதற்கு: பக்கத்தில் இரண்டு உலோகத் தகடு வைத்து, இடைவெளி மாறும்போது அவற்றின் மின்தேக்கம் மாறுவதைப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவது. சுத்தமான ஆடிட்டிங்! ஆடிட்டர் ரொம்ப அவசரப்பட்டால் மட்டும் மொத்த மேடையும் கிடுகிடுவென்று ஆடும். அதனால் வேகம் வேண்டிய இடத்தில் முதல் வைத்தியத்தையும் சேர்த்துக் கொள்கிறார்கள்.

1989-ல் டான் ஐக்லர் 35 ஸெனான் அணுக்களை நகர்த்தி 'ஐ.பி.எம்.' என்று எழுதியது மைனஸ் 269 டிகிரியில். அந்தக் குளிரில் பீங்கானின் நீட்டம் குறைந்துவிடும். கூடவே அதன் சண்டித்தனமும்.