பழைய ரீலும் படித்தவர் அலட்சியமும்

"பழுதுபார்ப்பது கைவேலை, ஆய்வு என்பது வேறு." இந்தியப் பல்கலைக்கழகங்களில் யாரும் எழுதிவைக்காமலே நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. இதை நம்புவோர் ஒரே ஒருமுறை, அறுபது ஆண்டுப் பழைமையான மிட்செல் 300 தூண்டில் ரீல் ஒன்றைப் பிரித்துப் பூட்ட முயல வேண்டும். பிரிப்பது எளிது. பூட்டும்போதுதான் பட்டங்களின் எடை தெரியவரும்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் கண்ணில் படுவது மெழுகாக இறுகிய கிரீஸ். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தால் அது போய்விடும். கவனம் பிசகினால், பற்சக்கரத்தின் அச்சில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற மெல்லிய வளையமும் அதோடு போய்விடும். ஷிம் எனப்படும் அந்த வளையமே சக்கரங்கள் எவ்வளவு நெருங்கிப் பொருந்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது இல்லாவிட்டால் கைப்பிடி ஆடும், பற்கள் அரைபடும். ஒன்று கூடினால் சுழற்சி இறுகும். ஒவ்வொரு ரீலும் தேய்ந்த விதம் வேறு என்பதால் வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. கைப்பிடியைச் சுழற்றி, விரல் உணர்வதைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். பின்சுழற்சியைத் தடுக்கும் சிறு கொக்கிக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். பற்சக்கரத்துக்குரிய கிரீஸை அங்கும் அள்ளிப் பூசினால் கொக்கி மந்தமாகி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. பெரிய மீன் இழுக்கையில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களைப் பதம் பார்க்கும்.

கருதுகோள், சோதனை, திருத்தம் என்று முறையியல் தாளில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெறுவோர், அதையே ஒரு தொழிலாளி செய்தால் மட்டும் "அனுபவம்" என்று பெயர் மாற்றிவிடுகின்றனர். காணொளி பார்த்து யாரும் செய்துவிடலாம் என்பாரும் உளர். காணொளியில் இருக்கும் ரீலில் ஷிம் தொலைந்திருப்பதில்லை.

வரலாறும் இந்த அலட்சியத்துக்குத் துணை நிற்கவில்லை. நிலைத்த ஸ்பூல் கொண்ட ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பகுதி நெசவுத் தொழிலைச் சார்ந்தவர். ஆலையில் நூல் அவிழும் விதம் அவர் அன்றாடம் கண்டது. மிட்செல் ரீல்களைச் செய்த கார்ப்பனோ–பொன்ஸ் நிறுவனம் இருந்தது பிரான்சின் குளூஸ் நகரில். கடிகாரத் தொழிலுக்கென 1848இலேயே பள்ளி கண்ட ஊர் அது.

அலட்சியத்தின் விலையைக் கொடுப்பவை ஆய்வுக்கூடங்கள். பழைய மையவிலக்குப் பொறியில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் அதை மாற்றுவது சிறு வேலை. அது தெரிந்த தொழில்நுட்பர் ஓய்வு பெற்று, பணியிடம் நிரப்பப்படாத துறையில், பொறி துணி போர்த்தி மூலையில் நிற்கும். புதியதற்கு விண்ணப்பம் போகும். முனைவர் பட்ட மாணவர் காத்திருப்பார். அவரது உதவித்தொகைக் காலம் காத்திருக்காது.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தபோது வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவை முன்னுரிமை பெற்றன. ஆய்வுக் கருவிகள் அப்பட்டியலில் இல்லை. அவற்றையும் சேர்க்கக் கோர வேண்டியவர்கள் பேராசிரியர்களே.

அதுவரை ஒன்று செய்யலாம். முதலாண்டு ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் பழைய ரீலோ பழைய நுண்ணோக்கியோ ஒன்றைப் பிரித்துப் பூட்டுவதைப் பாடமாக்கலாம். ஓய்வு பெற்ற அந்தத் தொழில்நுட்பரே அதை நடத்தட்டும். வருகைப் பேராசிரியருக்குரிய மதிப்பூதியம் அவருக்கும் வழங்கப்பட வேண்டும். அவர் சரிசெய்த கருவியில் எடுத்த தரவு அச்சேறும்போது நன்றியுரையில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும்.