குறித்த நேரமும் பல் வைத்தியமும்

பல் வைத்தியரிடம் நேரம் குறித்துக்கொண்டு, அந்நேரத்திற்குப் போகாமல் இருந்துவிடுவதை நம்மவரில் பலர் ஒரு தவறாகவே கருதுவதில்லை. இதனால் வைத்தியருக்கு நஷ்டம் உண்டென்பது வெளிப்படை. ஆனால், சொன்ன நேரத்திற்கு ஒழுங்காக வரும் நோயாளிகளே இதில் பெரும் பங்கு நஷ்டத்தைச் சுமக்கிறார்கள் என்பது என் கருத்து. கூட்டுறவுப் பத்திரிகையில் பல் வைத்தியத்திற்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். முறைத் தண்ணீரில் பயிர் செய்பவர்களுக்கு இது புதிய விஷயமன்று. தம் முறைக்கு மடை திறக்க வர இயலாதவர் முன்னதாகச் சொல்லிவிட்டால் அடுத்த வயல் நனையும். சொல்லாமல் இருந்துவிட்டால் தண்ணீர் ஒருவருக்கும் உதவாமல் ஓடிப்போகும்.

பொது வைத்தியரிடம் ஒருவர் வராவிட்டால், வெளியே காத்திருக்கும் அடுத்தவர் உள்ளே போவார். பல் வைத்தியம் அத்தகையதன்று. வேர் சிகிச்சைக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று ஒரே நோயாளிக்காக ஒதுக்கவேண்டியிருக்கிறது. 121 டிகிரி வெப்பமுள்ள நீராவியில் கிருமி நீக்கிய கருவிகள் தயாராக எடுத்துவைக்கப்பட்டிருக்கும். உதவியாளர் சம்பளம், வாடகை, மின்சாரக் கட்டணம், கருவிகளுக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகியவை நாற்காலி காலியாயிருந்தாலும் நிற்பதில்லை. ஒரே நாற்காலியை வைத்துத் தொழில் நடத்தும் சிற்றூர் வைத்தியருக்கு, போன ஒரு மணி போனதுதான்.

ஆகவே அவர் ஒரு தந்திரம் செய்கிறார். ஒருவர் எப்படியும் வரமாட்டார் என்ற கணக்கில், ஒரே நேரத்திற்கு இருவரை வரச்சொல்கிறார். இருவரும் வந்துவிடும் நாளில் சங்கடம் ஆரம்பமாகிறது. தறியை நிறுத்திவிட்டு, அரை நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி வந்த அம்மையார் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார். அடுத்த முறை அவரும் தாமதித்தே வருவார். அல்லது வரவே மாட்டார். ஒருவருடைய அசட்டை இவ்வாறு ஊர் வழக்கமாகிவிடுகிறது.

போகாமல் நின்றுவிடுவதற்குப் பெரிய காரணம், வலி நின்றுபோவதே. சொத்தை உள்நரம்பை எட்டும்போது வலி பொறுக்க முடியாததாகும். நரம்பு செத்துப்போனாலோ வலி தானே அடங்கிவிடும். கிராம்புத் தைலம் குணப்படுத்திவிட்டதென்று மகிழ்ந்திருக்கையில், வேரின் நுனியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டவரின் நிலை இன்னும் மோசம். முதல் நாள் வைத்த தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே தாங்கும். அது தேய்ந்து கசிந்தால் கிருமி மீண்டும் உட்புகும். பல் பிளந்துபோவதும் உண்டு. காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்குவதோடு, முன்பு கொடுத்த பணமும் வீணாகிறது.

பல் போனால் போகட்டும் என்பவரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் நெசவாளரிடத்தும் உண்டு, விவசாயிகளிடத்தும் உண்டு. கன்னத்தின் உட்புறம் வெண்மையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு தோன்றியிருந்தால், வைத்தியர் நாள் குறித்து மீண்டும் வரச்சொல்வார். அது வலிப்பதில்லை, ஆகவே மறந்துபோகிறது. அத்தகைய திட்டுகளில் சில பின்னர்ப் புற்றுநோயாக மாறுகின்றன. தொடக்கத்திலேயே கண்டால் சிறு அறுவையோடு தீரக்கூடியது, பிந்தினால் தாடை எலும்பையே எடுக்கும்படி நேரலாம். தவறவிடக்கூடாத நாள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வராதவருக்கு அபராதம் விதித்தால் என்ன? இங்கிலாந்தில் அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பணிபுரிந்த பல் வைத்தியர்கள், வராதவரிடம் கட்டணம் வாங்க முன்பு இடமிருந்தது. 2006 ஏப்ரலில் வந்த புதிய ஒப்பந்தம் அதை நீக்கியது. நஷ்டம் வைத்தியர் தலையில் விழுந்தது. அவர்களுடைய மனக்குறை நியாயமானதே. ஆயினும் அபராதத்தை நான் ஆதரிக்கமாட்டேன். வசதியுள்ளவர் அதைக் கட்டிவிட்டுத் தம் போக்கில் இருப்பார். கூலிக்காரர் அதற்கு அஞ்சி வைத்தியசாலைப் பக்கமே தலைகாட்டமாட்டார்.

இவ்விஷயத்தில் சங்கங்கள் செய்யக்கூடியது அதிகம், செலவோ சொற்பம். சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த அங்கத்தினருக்கு எந்த நாள் என்று எழுதிவைக்கலாம். முதல் நாள் மாலை எழுத்தர் கைப்பேசியில் நினைவூட்டினால் போதும். வர இயலாதவர் அப்போதே சொல்லிவிட்டால் அந்த நேரம் வேறோர் அங்கத்தினருக்குப் பயன்படும். நூல் வழங்கும் நாளிலும் கூலி நாளிலும் நெசவாளர் வரமாட்டார். நடவிலும் அறுவடையிலும் விவசாயி வரமாட்டார். இதைச் சங்கத் தலைவர் ஊர் வைத்தியரிடம் நேரில் எடுத்துச் சொல்லலாம். அமாவாசையன்று தறி ஓட்டாத ஊர்களில் அந்நாளை நெசவாளருக்கென்றே ஒதுக்கும்படியும் கேட்கலாம்.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிகிச்சைக்கு எத்தனை முறை வரவேண்டும், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதை முதல் நாளே ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். அடுத்த முறை எவ்வளவு கேட்பாரோ என்ற அச்சத்தாலேயே போகாமல் நின்றவர்களை, நான் பார்வையிடச் செல்லும் சங்கங்களில் கண்டிருக்கிறேன். அதை அவர்கள் வைத்தியரிடம் சொல்வதில்லை. வெளியூர் போய்விட்டதாகச் சொல்லியனுப்புகிறார்கள்.