விமானக் கணக்கும் வீட்டு வாசலும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று கணக்குப் பாடத்தில் படிக்கிறோம். அந்த வாய்பாட்டை நம் இலாசுப்பேட்டை விமான நிலையத்திற்குப் பொருத்திப் பார்ப்போமா?

இங்கிருந்து பெங்களூர் விமான நிலையம் வான்வழியே சுமார் 265 கி.மீ. ஏ.டி.ஆர். 72 என்னும் சிறிய விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்க வல்லது. அப்படியானால் அரைமணிக்குச் சற்று மேல் போதும். பயண அட்டவணையோ ஒரு மணிக்கு மேல் கேட்கிறது! ஓடுபாதையின் முனைவரை விமானம் ஊர்ந்து செல்ல வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இறங்குவதற்கு முறை வரும்வரை காத்திருக்கவும் நேரலாம். தூரம் எவ்வளவு சிறியதானாலும் இந்த நிமிடங்கள் குறைவதில்லை.

இவற்றோடு வீட்டிலிருந்து புறப்படுவது, முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, பெட்டியை வாங்குவது, நகருக்குள் செல்வது ஆகியவற்றையும் கூட்டினால் பெங்களூர்ப் பயணத்திற்கு ஏறக்குறைய ஐந்து மணி ஆகும். பேருந்தில் ஏழு மணி. மிச்சம் இரண்டே மணி!

சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 120 கி.மீ. அங்கே விமானத்தில் போனால், மூன்று மூன்றரை மணியில் சேர்க்கும் பேருந்தே முந்திக்கொள்ளும். ஐதராபாத் அப்படியன்று. வான்வழியே சுமார் 600 கி.மீ.; சாலையிலோ 750 கி.மீ.க்கு மேல். அங்கேதான் ஒரு முழு இரவு மிச்சமாகிறது. நோயாளிக்கும், தேர்வெழுதப் போகும் மாணவிக்கும் அது சிறிய உதவியா?

2013 ஜனவரியில் இங்கே புதிய முனையம் திறக்கப்பட்டுப் பெங்களூருக்கு விமானம் பறந்தது. அடுத்த ஆண்டே நின்றது. 2017இல் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் ஐதராபாத் சேவை தொடங்கியது. பின்னர் அதுவும் தடைப்பட்டு, 2024 டிசம்பரில் இரு நகரங்களுக்கும் மீண்டும் விமானம் வந்தது. தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தால் எவர் நம்பிப் பயணம் திட்டமிடுவார்?

ஓடுபாதை சுமார் 1,500 மீட்டரே. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. நீட்டுவதானால் தமிழகப் பகுதியிலும் நிலம் வேண்டும். நம் இரண்டு மணி நேரத்திற்காக ஒருவருடைய வயலையோ வீட்டையோ கேட்கும் முன், அந்தக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டாமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை: பக்கத்து ஊருக்கு நல்ல பேருந்தும் இரயிலும், தொலைவூருக்குத் தவறாத விமானம், நிலம் எடுத்தே தீர வேண்டுமானால், இழப்பவருக்கு முழு நியாயம். விமானம் ஊருக்கு ஓர் அணிகலன் என்று பெருமைப்பட்டால் மட்டும் போதாது. வீட்டு வாசலில் தொடங்கி, போய்ச்சேரும் வாசலில் முடியும் பயணத்தையே அளக்கக் கற்போம். வாய்பாடு தெரிந்த நமக்கு அது கடினமான கணக்கன்று!