பொய் மட்டும் புரிகிறதே!

2017 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். நான் அப்போது ஆவடியில் நாலாம் வகுப்பு. "ஊசி போட்டா புள்ளைக்கு ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், அம்மா என்னைப் பள்ளிக்கே அனுப்பவில்லை!

அப்பா செல்போனில் தேடினார். கிடைத்ததோ 'பிறவி ரூபெல்லா நோய்க்குறித்தொகுப்பு'. யாருக்குப் புரியும், சொல்லுங்கள்? கடைசியில் தெருவுக்கு வந்த நர்ஸ் அக்காதான், "கர்ப்பமா இருக்கறப்ப இந்த அம்மை வந்தா, பொறக்கற குழந்தைக்குக் கண்ணு, காது, இதயம் கெட்டுப்போகலாம்க்கா. அது பரவாம இருக்கத்தான் இந்த ஊசி" என்றார். மறுநாளே சுகாதார நிலையத்தில் எனக்கு ஊசி.

நர்ஸ் அக்கா பேசிய தமிழில் இணையத்தில் எழுதினால் என்னவாம்? அதுவரை, சந்தேகமான ஃபார்வர்டு வந்தால் 104-க்கு ஒரு போன் போடுங்கள். காசு கிடையாது.