காயலுக்குப் போக வழி வேண்டும்

கும்பளங்கி, செல்லானம் பகுதிப் பொக்காளி வயல்கள் பெரும்பாலும் தனியார் பட்டா நிலங்கள். ஆயினும் அங்கே மீன் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பட்டாவை மட்டும் காட்டி விடை சொல்லிவிட முடியாது.

ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நெல். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 14 வரை இறால். பள்ளுருத்தி வட்டாரத்தின் பழைய ஏற்பாடு இது. அறுத்த தாளை வயலிலேயே அழுகவிட்டு, ஓதம் ஏறும்போது மதகைத் திறந்தால் காயல் நீரோடு இறால் குஞ்சுகளும் மீன்களும் உள்ளே வரும். நீர் வடியும்போது மதகில் வலை கட்டிக் குத்தகைக்காரர் பிடித்துக்கொள்வார். ஐந்து மாதம் அவருக்கு. தவணை முடிந்ததும் மிச்சம் ஊருக்கு. "கெட்டு கலக்கல்" என்று மலையாளிகள் அழைக்கும் அந்த நாளில் ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் இறங்கிச் சேற்றைக் கலக்குவார்கள். மூச்சுத் திணறி மேலே வரும் கரிமீனையும் இறாலையும் கையாலும் சிறு வலையாலும் பிடித்துப் போவார்கள். வயல்காரர் தடுப்பதில்லை என்பது மரபு. கடல் கொண்டுவந்த குஞ்சை அவர் விதைக்கவில்லையே!

பட்டாவும் படகும் இல்லாமல் வாடகைக் குடியிருப்பில் வாழும் கூலிக்காரருக்கு, தமிழர் பலரும் இதில் அடக்கம், காசில்லாமல் கிடைக்கும் மீன் குழம்பு இது.

இந்த ஏற்பாடு இப்போது ஆட்டம் காண்கிறது. நெல்லைக் கைவிட்டு ஆண்டு முழுவதும் உப்புநீர் தேக்கி இறால் வளர்க்கிறார்கள் என்று செல்லானத்து மக்கள் நெடுங்காலமாகப் புகார் சொல்லி வருகின்றனர். விலைக்கு வாங்கிய குஞ்சை விட்டவர் கதவைப் பூட்டத்தான் பார்ப்பார். நெல்லில் நஷ்டம், முழங்கால் தண்ணீரில் அறுக்க ஆள் இல்லை என்று வயல்காரர் சொல்வதும் பொய்யல்ல. அதற்கு மருந்து நெல்லுக்கு நல்ல விலையும் அரசின் உதவியுமே தவிர, ஊராரை வரப்பிலிருந்து விரட்டுவதல்ல.

காயலோரம் சுவர் எழுந்தபின் வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவே சாட்சி. பாணாவள்ளி ஊராட்சியைச் சேர்ந்த அத்தீவில் ஆடம்பர விடுதி எழுந்தது. சுற்றிலும் ஊன்றுவலை போட்டுப் பிழைத்த மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியது என்று 2013-ல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இடிப்பு தொடங்கியதோ 2022 செப்டம்பரில்! 54 மாளிகைகளைக் கட்ட அனுமதித்த பிறகு இடிப்பதைவிட, முதல் கல் விழும்போதே அளந்து பார்ப்பது மலிவு.

பள்ளுருத்தியில் காயலோரப் புறம்போக்கை வருவாய்த் துறை அளந்து கல் நாட்ட வேண்டும். கொச்சி மாநகராட்சியும் பக்கத்து ஊராட்சிகளும் கரையோரச் சுவருக்கு அனுமதி தருமுன் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். இறால் கெட்டுகளுக்கு உரிமம் தரும் மீன்வளத் துறை, ஏப்ரல் 14-க்குப் பிறகு ஊரார் இறங்கும் உரிமையையும் வரப்பு வழியையும் உரிமத்திலேயே நிபந்தனையாக எழுதட்டும். அடுத்த நவம்பர் உரிமங்களிலேயே இதைத் தொடங்கலாம்.