கோப்பையை மட்டும் எண்ணினால் போதுமா?

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



கால்பந்து ரசிகன் சட்டைப் பையில் காசு இருக்கிறதோ இல்லையோ, மனசுக்குள் ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். நம்ம கிளப்புக்கு இதுவரை வந்த மானேஜர்களில் யார் நம்பர் ஒன், யார் இரண்டு, யார் மூன்று என்கிற பட்டியல். இதற்காக நம் ஹாஸ்டலில் எத்தனை இரவு தூக்கம் கெட்டிருக்கிறது என்று வார்டன் சாரைக் கேட்டால் சொல்வார். நான் லிவர்பூல் கட்சி. அதனால் லிவர்பூல் பட்டியலைத்தான் இங்கே எடுத்துக் கொள்கிறேன். மான்செஸ்டர் கட்சிக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் சொல்லும் நியாயம் உங்கள் கிளப்புக்கும் பொருந்தும்.

ஆட்டம் பார்க்காத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மானேஜர் என்றதும் பேங்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவரை நினைக்காதீர்கள். இங்கிலாந்து கால்பந்தில் மானேஜர் என்றால் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர், பயிற்சி கொடுப்பவர், யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று முடிவு செய்பவர். ஜெயித்தால் ஆட்டக்காரர்களைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் மானேஜரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட வேலை!

எல்லாரும் போடும் கணக்கு

நம் பையன்கள் பட்டியல் போடும் முறை ரொம்ப சுலபம். கோப்பையை எண்ணு, அதிகம் உள்ளவருக்கு முதலிடம், விஷயம் முடிந்தது. அப்படி எண்ணினால் பாப் பெய்ஸ்லிக்குப் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. 1974 முதல் 1983 வரை ஒன்பது சீசன். அதில் 6 லீக் பட்டம். 1977, 1978, 1981 என்று 3 முறை ஐரோப்பியக் கோப்பை. 1976-இல் யூஃபா கோப்பை. கடைசி மூன்று வருடமும் தொடர்ந்து லீக் கோப்பை. முதல் சீசனைத் தவிர வேறு எந்த சீசனிலும் மனிதர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதில்லை.

அவருக்கு முன்னால் இருந்த பில் ஷாங்க்லியின் கணக்கு என்ன? ஏறக்குறைய பதினைந்து வருடத்தில் 3 லீக் பட்டம், 2 எஃப்.ஏ. கோப்பை, 1 யூஃபா கோப்பை. ஐரோப்பியக் கோப்பை ஒன்றுகூட இல்லை. 1966-இல் லீக்கை ஜெயித்த பிறகு அடுத்த பட்டத்துக்கு 1973 வரை காத்திருந்தார்.

"இதில் என்னடா வாக்குவாதம்? பெய்ஸ்லிதான் முதல்!" என்பான் என் அறை நண்பன். அவன் மெக்கானிக்கல். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவான். ஆனால் எங்கிருந்து அளக்கிறோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். நான் சிவில். லெவல் எடுக்கப் போனால் "முதலில் பெஞ்ச் மார்க் எங்கே?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்ச் மார்க் தெரியாமல், ஸ்டாஃப் ரீடிங்கை மட்டும் வைத்துக் கொண்டு எந்த இடத்தின் உயரத்தையும் சொல்ல முடியாது. மானேஜருக்கும் அதே விதிதான் என்பது என் கட்சி. எந்த மட்டத்தில் கையில் வாங்கினார்? எந்த மட்டத்தில் விட்டுவிட்டுப் போனார்? இந்த இரண்டு கேள்வியையும் கேட்காத பட்டியல், பட்டியலே இல்லை.

ஷாங்க்லி வாங்கிய மட்டம்

1959 டிசம்பரில் ஷாங்க்லி வந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1954-இல் இறங்கியது, ஏறவே முடியவில்லை. அந்த வருடம் ஜனவரியில்தான் வூஸ்டர் சிட்டி என்ற, லீக்கிலேயே இடம் இல்லாத சின்னக் கிளப்பிடம் எஃப்.ஏ. கோப்பையில் தோற்று மானம் போயிருந்தது. மெல்வுட் பயிற்சி மைதானம் புதர் மண்டிக் கிடந்தது.

ஷாங்க்லி ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்துக்காரர். பள்ளியை விட்டதும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். புது மானேஜர் வந்தால் பழைய ஆட்களை மூட்டை கட்டச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். இவர் அதைச் செய்யவில்லை. ஏற்கெனவே அங்கே பயிற்சியாளர்களாக இருந்த பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோரை அப்படியே வைத்துக் கொண்டார். பூட்ஸ் அடுக்கி வைக்கிற ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து இந்த உதவியாளர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிப் பேசியே ஒரு முறையை உருவாக்கினார்கள். அன்றன்றைய பயிற்சியை நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். அந்த பூட் ரூம் பின்னால் உலகப் புகழ் பெற்றது.

1962-இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1964-இல் லீக் பட்டம். 1965-இல் கிளப் சரித்திரத்திலேயே முதல் எஃப்.ஏ. கோப்பை. 1974-இல் இன்னொரு எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஷாங்க்லி விலகினார். அவர் போன பிறகு மானேஜர் ஆனவர் யார்? அதே பூட் ரூம் பெய்ஸ்லி. பெய்ஸ்லிக்குப் பிறகு? அதே பூட் ரூம் ஜோ ஃபேகன். அவர் முதல் சீசனிலேயே, 1984-இல், லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் அள்ளினார். இந்தக் கோப்பைகளில் ஷாங்க்லிக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "வானம் தோண்டி அஸ்திவாரம் போடுற அன்னிக்கு வேடிக்கை பார்க்க ஒரு ஆள் வரமாட்டான். பெயின்ட் அடிக்கிற அன்னிக்குத்தான் தெருவே வந்து நிக்கும்." கோப்பையை மட்டும் எண்ணுகிறவர்கள் பெயின்ட் அடிக்கிற அன்றைக்கு வந்தவர்கள்.

பெய்ஸ்லிக்கும் நியாயம் வேண்டும்

அதற்காகப் பெய்ஸ்லி போட்டு வைத்த சோற்றைச் சாப்பிட்டவர் என்று அர்த்தமில்லை. அவரும் சுரங்க ஊர்க்காரர்தான். கால்பந்துக்கு முன்னால் செங்கல் கட்டும் வேலைக்கு அப்ரண்டிஸாக இருந்தவர். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா, நம்ம ஆளா?" என்று கேட்டுவிட்டு, ஷாங்க்லியை விட்டுவிட்டுப் பெய்ஸ்லி கட்சிக்குப் போய்விட்டார்!

பெய்ஸ்லி 1939-இல் லிவர்பூலுக்கு வந்தவர். 1950 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் கோல் அடித்தும், இறுதி ஆட்டத்தில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். கோபித்துக் கொண்டு ஓடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு காயத்துக்கு வைத்தியம் செய்யும் பிசியோதெரபியை அஞ்சல் வழியில் படித்தார். மானேஜர் ஆகும்போது அந்தக் கிளப்பில் அவருக்கு 35 வருட அனுபவம். கைக்கு வந்த சொத்தை அழிக்காமல் பெருக்குவதும் சாமானியமான வேலை இல்லை. 2013-இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு, அடுத்த பத்து வருடத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஒரு லீக் பட்டம்கூட வரவில்லை. இத்தனைக்கும் அவர் விட்டுவிட்டுப் போனது அந்த வருடத்து சாம்பியன் அணியை!

2020-இல் ஆன்ஃபீல்ட் மைதானத்துக்கு வெளியே பெய்ஸ்லிக்குச் சிலை வைத்தார்கள். அதில் அவர் கையில் கோப்பை இல்லை. 1968-இல் ஆட்டத்தில் அடிபட்ட எம்லின் ஹ்யூஸ் என்ற ஆட்டக்காரரை மைதானத்திலிருந்து சுமந்து கொண்டு போகிறார். அப்போது பெய்ஸ்லி மானேஜர்கூட இல்லை, உதவியாளர்தான். அந்த ஹ்யூஸ்தான் 1977-இல் ரோம் நகரில் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். இத்தனை கோப்பை வாங்கியவருக்குச் சிலை வைக்கும்போது ஆளைச் சுமந்த காட்சியைத்தானே எடுத்துக் கொண்டார்கள்? யோசித்துப் பாருங்கள்.

எண்ண முடியாதது

கென்னி டால்கிலிஷ் 1986, 1988, 1990 ஆண்டுகளில் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். முதல் பட்டத்தின்போது அவரே மானேஜர், அவரே ஆட்டக்காரர். ஆனால் லிவர்பூல்காரர்கள் அவரை நினைப்பது அதற்காக மட்டும் அல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். காயத்தோடு வருடக்கணக்கில் கிடந்து பின்னால் இறந்தவர்களும் அதில் சேர்த்தி. டால்கிலிஷ் துக்க வீடு துக்க வீடாகப் போனார். ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனார். இதை எந்தக் கட்டத்தில் எழுதி எத்தனை மார்க் போடுவீர்கள்?

யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் வந்தபோது, 1990-க்குப் பிறகு லிவர்பூல் ஒரு முறைகூட லீக்கை ஜெயித்திருக்கவில்லை. அவர் 2019-இல் ஐரோப்பியப் பட்டத்தையும், 2020-இல் முப்பது வருடமாகக் காத்திருந்த லீக் பட்டத்தையும் வாங்கினார். 2024-இல் விலகினார். அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட், பெரும்பாலும் க்ளாப் விட்டுச் சென்ற ஆட்களை வைத்தே 2025-இல் லீக்கை ஜெயித்தார். பெருமை ஸ்லாட்டுக்கும் உண்டு, க்ளாப்புக்கும் உண்டு. கோப்பைக் கணக்கில் மட்டும் அது ஒருவர் பெயரில்தான் ஏறும்.

இனி என் பட்டியல். 1. ஷாங்க்லி. 2. பெய்ஸ்லி. 3. க்ளாப். 4. டால்கிலிஷ். 5. டாம் வாட்சன். "யாருடா இந்த வாட்சன்?" என்று கேட்பவர்களுக்கு: 1892-இல் தொடங்கிய கிளப்புக்கு 1896-இல் மானேஜராக வந்து, 1901-இல் முதல் லீக் பட்டத்தையும் 1906-இல் இரண்டாவதையும் வாங்கிக் கொடுத்தவர். ஃபேகனையும், 2005-இல் இஸ்தான்புல்லில் மூன்று கோல் பின்தங்கியிருந்து ஜெயித்த ரஃபா பெனிட்டஸையும் ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வரலாம். வாருங்கள், கேன்டீனில் டீ உங்கள் செலவு.

நமக்கு என்ன?

"தொடங்கிய இடத்தைச் சொல்லிச் சலுகை கேட்கிறாயா?" என்று என் நண்பன் மடக்கினான். நல்ல கேள்வி. இல்லை. இரண்டாம் டிவிஷனில் இருக்கிறார்களே பாவம் என்று ஷாங்க்லிக்கு யாரும் ஒரு கோல் சேர்த்துக் கொடுக்கவில்லை. அவரும் ஜெயித்துத்தான் மேலே வந்தார். தொடங்கிய இடம் சலுகை இல்லை, அளவில் ஒரு பகுதி.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். இருநூறு பேரில் பத்துப் பேரை ஒரே நாளில் பொறுக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் மூன்று வருடம் ஒரே தட்டில் சாப்பிடுகிற நாம் ஏன் ஒருவரை ஒருவர் அப்படி அளக்க வேண்டும்? பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து, முதல் செமஸ்டரில் எல்லாப் புத்தகமும் இங்கிலீஷில் வந்தபோது திகைத்துப் போய், இரண்டு அரியர் வைத்து, பிறகு அவற்றையும் எழுதி முடித்து 62 சதவீதம் எடுத்த பையன் நம் வகுப்பிலேயே இருக்கிறான். அவனை "அரியர் மன்னன்" என்று கூப்பிடுகிறோம். அவன் எந்த டிவிஷனிலிருந்து ஏறி வந்தான் என்று ஒரு நாளாவது கேட்டோமா? 90 எடுத்தவனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவன் உழைப்பும் உழைப்புதான். பெஞ்ச் மார்க்கையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் தங்கை இப்போது பத்தாவது படிக்கிறாள். முதல் செமஸ்டரில் எனக்குப் புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளுக்கெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தேன். போன லீவில் அதை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நாளைக்கு இதே மாதிரி ஒரு கல்லூரிக்கு வந்தால் நிச்சயம் என்னைவிட அதிக மார்க் எடுப்பாள். ஊரில் எங்கள் இருவரையும் வைத்துப் பட்டியல் போட்டு அவளை மேலே எழுதினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த நோட்டு யாருடையது என்று யாராவது கேட்டால் மட்டும் அவள் சொல்லிவிட வேண்டும்!