பந்து 'மெத்' என்றால் அவுட்! பவுலிங் போட்டியில் கெடுபிடி: காசு போட்டு வாங்கினவர் கதி என்ன?

சென்னை மால்களில் பவுலிங் ஆடுவதை பார்த்திருப்பீர்கள். வழவழ பாதையில் பந்தை உருட்டி 10 கட்டைகளை சாய்க்கணும். நமக்கு இது பொழுதுபோக்கு. அமெரிக்காவிலோ லீக், பரிசுப்பணம் என்று ஆடுகிற பெரிய போட்டி. அங்கே சில வருஷங்களாக பந்துகளுக்கு கெடுபிடி அதிகம்.

என்ன விதி?

கோட்டில் இருந்து முதல் கட்டை வரை 60 அடி. பந்து 16 பவுண்டை, அதாவது சுமார் ஏழே கால் கிலோவை தாண்டக்கூடாது. இதெல்லாம் பழைய விதி. இப்போது சண்டை, பந்து எவ்வளவு கடினம் என்பதில்தான்.

பாதையின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அதில் வழுக்கிப் போகிற பந்து, காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்து வளையும். பந்து மென்மையானால் பிடிப்பு கூடும். கட்டைகள் மொத்தமாக சரியும்.

ரசாயனத்தில் ஊறிய பந்து

1973-ல் டான் மெக்கூன் என்ற வீரர் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கி ஆடினார். அந்த ஒரே ஆண்டில் 6 பட்டம்! அப்போது அதை தடுக்க விதியே இல்லை. அதன்பிறகுதான் கடினத்துக்கு அளவு வந்தது.

2022-ல் அந்த குறைந்தபட்ச அளவு 72. 2016, 2017-ல் தயாரான 'பர்ப்பிள் ஹேமர்' பந்துகள் இதற்கு கீழே இருப்பதாக சொல்லி, அமெரிக்க பவுலிங் அமைப்பு தன் தேசிய போட்டிகளில் அவற்றுக்கு தடை போட்டது. அடுத்து 'ஸ்பெக்டர்' பந்தின் அனுமதியே ரத்து. 2016-ல் 'ஜாக்கல்' பந்துக்கும் இதே கதிதான். அதில் குற்றச்சாட்டு வேறு: உள் எடை அமைப்பு அளவை மீறிவிட்டது.

யார் தலையில் விடிகிறது?

விதி வேணும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த பந்துகள் எல்லாமே அனுமதி வாங்கி கடைக்கு வந்தவை. அதை நம்பி வாங்கியவர் ரசாயனத்திலா ஊறவைத்தார்? தப்பு தயாரிப்பில். பந்தை மூட்டை கட்டி வைப்பது ஆடுகிறவர்.

இதே அமைப்பு ஒரு விஷயத்தை முறையாக செய்ததும் உண்டு. விரல் போடாத கூடுதல் ஓட்டை பந்தில் இருக்கக்கூடாது என்ற விதி 2020 ஆகஸ்ட் 1-ல் அமலானது. ஆனால் அறிவிப்பு 2018-லேயே வந்துவிட்டது. ஓட்டையை அடைக்க இரண்டு வருஷ அவகாசம் கிடைத்தது. திடீர் தடையில் அந்த அவகாசம் ஏது?

பாதையிலும் வித்தியாசம்

சாதாரண மையங்களில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரத்தில் குறைவு. குறி கொஞ்சம் தப்பினாலும் பந்து திரும்பி வந்துவிடும். கடினமான 'ஸ்போர்ட்' போட்டிகளிலோ நடுவில் இருக்கும் எண்ணெய், ஓரத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது. அதனால்தான் உள்ளூர் புலிகள் அங்கே போய் திணறுகிறார்கள்.

ஆக, தொழிற்சாலை வாசலிலேயே சோதனை இறுகினால்தான் ஆடுகிறவர் பணம் தப்பும். அதுவரை பழைய பந்து வாங்குகிறவர்கள் அதில் பொறித்த வரிசை எண்ணையும், அனுமதி பட்டியலையும் பார்த்துவிட்டு காசை எண்ணுவதே நல்லது.